ஒன்பதாவது மாடியில் லிப்ட் நிற்காது

2024 ஜனவரி 25, தைப்பூசம். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. ஏறக்குறைய இருநூறாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றிருந்தேன். பால்குடத்தோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுப்பா, பின்னால ஆளு வருது" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார். என் மகள் அதற்குள் மேலே போய், என்னைத் தேடிக் கீழே வந்து, பார்த்துவிட்டு, மறுபடி மேலே போய்விட்டாள். நானும் கடைசியில் போய்ச் சேர்ந்தேன்தான். எப்படிப் போனேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த வாரம் கிளினிக். எடை 91 கிலோ, ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு) 6.1. ரத்தத்துச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் இருக்கும் என்பதால், அந்த எண் ஒரு நாளைக் காட்டாது, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைத்தான் காட்டும். முந்தின நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற வழியில்லை. "இன்னும் இனிப்புநீர் இல்ல, ஆனா வாசல்ல நிக்கிறீங்க" என்றார் (இனிப்புநீர் என்றால் சர்க்கரை நோய்). 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் என்று வந்தது. எங்கள் ஷிப்டில் கெண்டின் மேசையைச் சுற்றி உட்காரும் கூட்டத்தை எண்ணினால், அந்தக் கணக்கே குறைவாகத் தெரிகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான். பாயான் லெப்பாஸ் பேக்டரிப் பக்கம் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்ட், காலை 7 முதல் இரவு 7. நாலு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு, அப்புறம் நாலு ராத்திரி வேலை, மறுபடி ரெண்டு நாள் லீவு. அதாவது எனக்கு "தினமும் காலை 6 மணி" என்று ஒன்று கிடையவே கிடையாது. பன்னிரண்டு நாள் சுற்றில் சில நாள் அது எழும் நேரம், சில நாள் அது வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது கண் சொக்கும் நேரம்.

இது தெரிந்தும், பழக்கங்களை மாற்றப் போட்ட திட்டத்தின் வெர்ஷன் 1ஐ நான் கட்டியது கடிகாரத்தின் மேல்தான். பிப்ரவரி 1 அன்று ஏழு விஷயம் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன்: 5 மணிக்கு எழுவது, வெந்நீர், நடை, தியானம், சீனி இல்லாத தேநீர், மகளுக்கு இரண்டு பக்கம் தமிழ் வாசித்துக் காட்டுவது, 10 மணிக்குத் தூக்கம். 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஷூ வேறு. போனில் கோடு போட்டுக் கொண்டாட்டம் காட்டும் ஒரு ஆப். யூடியூபில் சென்னைக்காரர் ஒருவர், எழுந்தவுடன் அரை மணிக்குள் முகத்தில் வெயில் படணும் என்றார். அவருக்கென்ன, ஆறரை வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். பினாங்கில் பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் வருவதே ஏழரை வாக்கில். 5 மணிக்கு எழுந்து ரெண்டரை மணி நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது நாளில் எல்லாம் முடிந்தது, காரணம் ராத்திரி ஷிப்டின் நடுவில் 5 மணி அலாரம் என் லாக்கருக்குள் அடித்தது. நான் அப்போது ஒரு கன்வேயருக்கு அடியில் படுத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். பேக்டரியில் யாராவது ஒரு மிஷினில் ஏழு செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு "ஓடல" என்று வந்து நின்றால் நான் சத்தம் போடுவேன். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றை மாற்று, ஓட விடு, எழுதி வை, அப்புறம் அடுத்தது. புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். வீட்டுக்கு வந்து எனக்கே அதைச் செய்துகொள்ளத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப்பில் "21 நாள் சவால்" என்று ஒரு படம் சுற்றியது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடுமாம். கொஞ்சம் தேடிப் படித்ததில், அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து வந்ததாம். தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டனில் பிலிப்பா லாலியும் அவர் கூட்டாளிகளும், 2010இல் வெளிவந்த ஆய்வு. 96 பேர், ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம், 84 நாள் கண்காணிப்பு. தானாக நடக்கும் நிலைக்கு வர, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் ஆளுக்கு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (84 நாளைத் தாண்டியதெல்லாம் வளைகோட்டை நீட்டிக் கணக்குப் போட்டது). நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் இருந்தது. எனக்கு உறைத்தது அந்த எண்கள் இல்லை. அவர்கள் எல்லோரும் பழக்கத்தை "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது போல ஏதாவது ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்பதுதான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அம்மா சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கும் இடம்) போய் நிற்பது, இருட்டிலேயே மரத்துக்குப் போவது. குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள் இல்லையா, அதைப் பற்றிக் கேட்டேன். "கடிகாரம் அரை மணி முன்னால போச்சு. மரத்துக்கு யாருடா சொன்னா?" என்றார். கடிகாரத்தில் என்ன எழுதியிருந்தாலும், பால் எப்போது ஓடுமோ அப்போதுதான் வேலை. தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அதிகாலை நாலரைக்கு எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல், எங்கள் பிளாட் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருந்தது. என் ஷிப்ட் பார்ட்னர் மலாய்க்காரர். தொழுகை நேரம் சூரியனோடு சேர்ந்து நகரும், வருஷத்துக்குள் கொஞ்சம் முன்னே பின்னே. பகல் ஷிப்டோ ராத்திரி ஷிப்டோ, பாங்கு நேரம் வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்து, கை கால் கழுவி, சூராவுக்கு (தொழுகை அறை) போய் வந்துவிடுவார். போகலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. அதே ஆள், மார்ச் 12இல் நோன்பு தொடங்கியதும் பகலில் சிகரெட்டைத் தொடவே இல்லை. சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பெருநாள் லீவு முடிந்து வந்த முதல் பிரேக்கில் பற்றவைத்துவிட்டார். நோன்பு என்ற கொக்கி போனதும் அதில் தொங்கியதும் விழுந்துவிட்டது. அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஆக வெர்ஷன் 2. மார்ச் 1. ஒரே ஒரு வேலை: படி ஏறுவது. கொக்கி: பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்குவது. பகல் ஷிப்டோ ராத்திரி ஷிப்டோ, பஸ் என்னைக் கொண்டுவந்து இறக்கித்தானே ஆக வேண்டும்.

எங்கள் புளோக்கின் வடிவத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். பழைய பிளாட். லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தரை, 4, 7, 10, 13. நாங்கள் இருப்பது 9. எனவே 9ஆவது மாடிக்காரர்கள் எல்லோரும் 10இல் இறங்கி ஒரு மாடி கீழே நடந்து வருவார்கள். ஒரு மாடிக்கு 16 படி. கீழேயிருந்து ஏறினால் 144. தண்ணீர்மலை அதைப்போல மூன்றரை மடங்கு. என் திட்டம் ரொம்ப எளிது: 10இல் இறங்காமல் 7இல் இறங்கி இரண்டு மாடி, 32 படி, ஏறுவது. இது எனக்கே கேவலமாகத் தெரிந்தது. ஆனால் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிற காலுக்கு 'முடியாது' என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

அடுப்படியில் குதிரைக் காலண்டர் மாட்டியிருக்கிறோம், கட்டம் பெரிதாக இருக்கும் என்பதற்காக (குதிரைப் பந்தய நாளெல்லாம் போட்டிருக்கும், நான் பந்தயம் ஆடுவதில்லை, மாமனார் கொடுத்தது). பகல் ஷிப்ட் நாளுக்கு நீலப் புள்ளி, ராத்திரி ஷிப்டுக்குச் சிவப்பு. ஏறினால் அதன் மேல் ஒரு கோடு. லீவு நாளுக்குப் புள்ளியே கிடையாது, அதனால் கோடும் கிடையாது, வருத்தமும் கிடையாது. தொடர்ந்து எத்தனை நாள் என்று நான் எண்ணுவதில்லை. எத்தனை முறை பஸ்ஸிலிருந்து இறங்கினேன், அதில் எத்தனை முறை ஏறினேன், அவ்வளவுதான். ஆப்பை அழித்துவிட்டேன், ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குத் திரும்பும் ஆப்பைச் செய்தவர் ஷிப்ட் வேலை பார்த்தவராக இருக்க முடியாது.

மார்ச்: 20க்கு 12. எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு முறை ஏன் போகவில்லை என்று எழுதியிருந்தேன். ஐந்து முறை, விரல் தானாக 10ஐ அமுக்கிவிட்டது. பதினொரு வருஷமாக அமுக்கிய விரல். இரண்டு முறை லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்து, பாதியில் "நான் இங்க இறங்கிக்கிறேன்" என்று சொல்லக் கூச்சம். சொன்ன நாளிலும் "ஏன், அங்க யாரு இருக்கா?" என்று கேள்வி. ஒரு முறை 6ஆவது மாடிக்கு மேலே விளக்கு எரியாமல் இருட்டு. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. முடிவு எடுக்கும் இடத்தை லிப்டுக்குள்ளே வைத்திருந்தேன். அங்கே போனபிறகு லிப்ட்தான் ஜெயிக்கும்.

ஏப்ரலில் மாற்றியது ஒன்றே ஒன்று. பஸ் இறங்கும் இடத்திலிருந்து வந்தால் முதலில் தபால் பெட்டி வரிசை, அதை ஒட்டிப் படிக்கட்டு, அதைத் தாண்டித்தான் லிப்ட். எங்கள் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது, உடனே இடது பக்கம் திரும்பிப் படிக்கட்டு. 4ஆவது மாடி வரை, 64 படி, அங்கே லிப்ட் பிடித்து வழக்கம்போல 10. முன்பைவிட இரண்டு மடங்கு படி, ஆனால் சுலபம்! தபால் பெட்டியில் கரண்ட் பில்லைத் தவிர ஒன்றும் வராது, அது வேறு விஷயம். சாவிக்கொத்து கையில் இருக்கும்போதே கால் படியில் இருக்கும். விளக்குக்காகப் பராமரிப்பு அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒரு சின்னச் சார்ஜ் டார்ச் வாங்கி வேலைப் பையின் வாரில் கட்டிவிட்டேன், 15 வெள்ளி. ஏப்ரல்: 20க்கு 17.

இங்கேதான் தலைக்கனம். மே மாதம் நன்றாக ஏறுகிறோமே என்று ஒரே நாளில் 64இலிருந்து 144க்குத் தாவினேன். நாலு நாள் பிரமாதம். ஐந்தாம் நாள் இடது முழங்கால் வீங்கியது, பத்து நாள் நொண்டி. ஒரு மோட்டார் மேல் திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் லோடு போட்டால் என்ன ஆகும் என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன். ஜூனில் மறுபடி 4. ஜூலையில் 7 வரை, 112 படி. 7க்கு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது: அங்கே நின்று லிப்டுக்குக் காத்திருந்து, 10க்குப் போய், ஒரு மாடி கீழே இறங்கி வருவதைவிட, மிச்சம் இரண்டு மாடியை ஏறிவிடுவது சுலபம். சோம்பேறித்தனமே என்னை 9 வரைக்கும் தள்ளிவிட்டது. மார்ச்சில் கேவலமாகத் தெரிந்த அதே இரண்டு மாடிதான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு சென்சர் ஏன் இடையிடையே கண் சிமிட்டுகிறது என்று யோசித்துக்கொண்டே வந்தவன், நிமிர்ந்து பார்த்தபோது 5ஆவது மாடியில் இருந்தேன். தபால் பெட்டியைத் திறந்தேனா என்றே ஞாபகமில்லை. வீட்டுக்குப் போய்க் காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், 83ஆவது கோடு. சந்தோஷத்தில் மனைவியை எழுப்பிச் சொன்னேன். "காலைல எட்டு மணிக்கு இதைச் சொல்லவா எழுப்பினீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார், அவருக்கு அன்று லீவு.

தேநீர்க் கதை தனி. படி பாதி நிலைக்கு வந்த பிறகுதான் அதைத் தொட்டேன், ஜூன் கடைசியில். ஒரு நாளைக்கு மூன்று தே தாரேக் (பால் விட்டு ஆற்றிய தேநீர்) குடிப்பேன். கிளாஸுக்குள் போகும் கண்டென்ஸ்டு பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான், அது போக ஆற்றுகிற அண்ணன் கை தாராளம் வேறு. 2019 ஜூலையில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பாட்டில், டின் பானங்களுக்கு முதலில் லிட்டருக்கு 40 காசு என்று வரி போட்டார்கள். கடையில் ஆற்றித் தரும் தேநீரை அந்த வரி தொடாது, அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) "கோசோங்", அதாவது சீனி இல்லாமல், என்று சொன்னேன். அண்ணன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், எட்டு வருஷமாக எனக்குத் தேநீர் ஆற்றுகிறார். கையை நிறுத்தி, "என்னண்ணே, இனிப்புநீரா?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இரண்டாம் நாள் நான் சாலையைத் தாண்டும்போதே கிளாஸில் பால் விழுந்துவிட்டது. ஆற்றியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன். மூன்றாம் நாளும். அப்போதுதான் புரிந்தது, இந்தப் பழக்கத்தில் பாதி என் வாயில் இல்லை, அவர் கையில் இருக்கிறது. நான் வருவதைப் பார்த்ததும் அவர் கை பால் டின்னுக்குப் போகும். என் பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் அவருடையதையும் மாற்ற வேண்டும், அவர் எதற்கு மாற வேண்டும்?

சொல்லிச் சொல்லிப் பயனில்லை என்று, அம்மாவின் பழைய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோனேன். கடைக்குள் நுழைந்து உட்காருமுன் அதை அவர் பலகை மேல் வைப்பது. டம்ளர் வந்தால் சீனி குறைத்து, அவ்வளவுதான் உடன்பாடு. கண்ணாடிக் கிளாஸ் எடுக்கப் போகும் கை டம்ளரைப் பார்த்ததும் நின்றுவிடும். ஒரு வாரத்தில் அவர் லீவு நாளில் வரும் பையனுக்கும் தெரிந்துவிட்டது, "டம்ளர் அண்ணன்" என்று பெயர் வந்ததுதான் மிச்சம். ஜூலையில் கூராங் மானிஸ், அதாவது இனிப்புக் குறைத்து. ஆகஸ்டில் தே சி கூராங் மானிஸ், அதாவது கண்டென்ஸ்டுக்குப் பதில் சீனி சேர்க்காத டின் பால், சீனி தனியாகக் கொஞ்சம். செப்டம்பர் நடுவில் தே சி கோசோங். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் வரை போய்ப் பார்த்தேன், வேப்பங்கஷாயம் மாதிரி இருந்தது, நாலு நாளில் திரும்பிவிட்டேன். அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. ராத்திரி ஷிப்டில் மிஷினிலிருந்து எடுக்கும் மூன்று மணித் தேநீரை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. அங்கே டம்ளரைப் பார்க்க ஆளில்லை, பொத்தான்தான்.

ராத்திரி ஷிப்ட் முடிந்த தூக்கத்துக்கு நான் செய்தது இரண்டு ஓட்டை போட்டது. ஒன்று, ஜன்னலுக்கு மேலே, தடித்த கறுப்புத் திரைக்கு. இன்னொன்று வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே; போன் சார்ஜரை அங்கே திருகி மாட்டிவிட்டேன், வயர் படுக்கையறை வரைக்கும் எட்டாது. ஷூவைக் கழற்றும்போதே போனையும் கழற்றிவிடுவது. இது மூன்றே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. படிக்கு ஐந்தரை மாதம் ஆனது, இதற்கு மூன்று வாரம், 18இலிருந்து 254 என்று அவர்கள் எழுதியதில் ஆச்சரியமில்லை.

தோற்றதையும் சொல்ல வேண்டும். மகளுக்கு இரண்டு பக்கம் தமிழ் வாசிப்பது மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தேன். ராத்திரி ஷிப்ட் நாளில் நான் அந்த நேரம் வீட்டிலேயே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என்று வைத்தேன். அவள் வரும் நேரம் எனக்கு நடுத்தூக்கம். என் வாழ்க்கையில் அவளும் நானும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும், ஷிப்டைப் பொறுத்து மாறாத நிகழ்ச்சி என்று ஒன்றுமே இல்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தது நன்றாக இல்லை. கடைசியில் பாட்டியிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அதிகாலையில் நேரம் கொட்டிக் கிடக்கிறது, இவள் பள்ளிக்கூடத்துக்கு ஆறு மணிக்கு எழுகிறாள். தலை பின்னும்போது இவள் வாசிக்க, அம்மா கேட்கிறார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் கேட்பதோடு சரி. நன்றாகவே ஓடுகிறது, எனக்கு அதில் வேலை இல்லை.

அக்டோபர் 31 தீபாவளி. லீவு சேர்த்து ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. கெடாவிலிருந்து சித்தப்பா குடும்பம், முறுக்கு, அதிரசம், கோழி. பஸ் இல்லை, புள்ளி இல்லை, கோடு இல்லை. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் லீவு முடிந்து போன முதல் மூன்று நாளும் நேரே லிப்டுக்குப் போய்விட்டேன், அதுவும் மூன்றாம் நாள் லிப்டுக்குள் நின்ற பிறகுதான் ஞாபகமே வந்தது. பழைய பழக்கம் போய்விடவில்லை, ஓரமாக உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது, அம்மாவின் நாலரை மணி மாதிரி. அதன்பிறகு லீவு நாளுக்கும் ஒரு கொக்கி வைத்தேன்: பாசாரிலிருந்து (சந்தை) திரும்புவது. காய்கறிப் பையோடு மனைவியும் மகளும் லிப்டில், நான் படியில், யார் முதலில் வீட்டுக் கதவைத் தொடுவது என்று போட்டி. லிப்ட் காத்திருக்க வேண்டும், 4இலும் 7இலும் நிற்கும், 10இல் இறங்கி நடந்து வர வேண்டும். ஐந்துக்கு இரண்டு தடவை நான் ஜெயிக்கிறேன். இரண்டு லிப்டில் ஒன்று கெட்டுப்போன வாரத்தில் ஐந்துக்கு ஐந்து.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். பினாங்கில் பொது விடுமுறை, எனக்கும் அன்று ஷிப்ட் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஏறத் தொடங்கினோம், கூட்டம் நெரிந்ததால் வேகமாகப் போகவும் வழியில்லை, அது எனக்கு வசதிதான். ஒரு தடவை நின்றேன், மூச்சுக்காக இல்லை, மகளின் செருப்பு வைத்திருந்த பை அறுந்துபோனதால். போன வருஷம் நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், எல்லாப் படியும் ஒரே மாதிரி இருந்தது. மார்ச்சில் கிளினிக்கில் 86 கிலோ, ஹெச்பிஏ1சி 5.8. டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே "இப்படியே போங்க" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்பார், இவ்வளவையும் சொல்லலாம் என்று தயாராகப் போயிருந்தேன். கேட்கவில்லை.

ஏப்ரலிலிருந்து புதுப் பிரச்சினை. பேக்டரி பஸ்ஸின் வழி மாறிவிட்டது. முன்பக்கச் சாலையில் இறக்கிவிட்டவர்கள் இப்போது பின்பக்க கேட்டில் இறக்குகிறார்கள். அந்தப் பக்கமாக வந்தால் முதலில் வருவது லிப்ட், தபால் பெட்டி எதிர்க்கோடியில். முதல் இரண்டு வாரக் கணக்கு: 9க்கு 4. பழக்கம் எனக்குள் ஏறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது அந்த முப்பது அடி நடைபாதையில்தான் இருந்திருக்கிறது. தபால் பெட்டி வரை சுற்றிப் போய்ப் பார்த்தேன், மழை நாளில் முடியாது. பின்பக்கத்திலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது, லிப்டுக்கு முன்னாலேயே வரும், யாரும் பயன்படுத்துவதில்லை. நேற்று டார்ச்சோடு ஏறிப் பார்த்தேன். படி அதே 16, கைப்பிடி பரவாயில்லை, விளக்கும் எரிகிறது. 5ஆவது மாடித் திருப்பத்தில் யாரோ பழைய சோபா ஒன்றைக் குறுக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் லீவு, மச்சானை வரச் சொல்லியிருக்கிறேன், அதை முதலில் கீழே இறக்க வேண்டும்.